பெண்கள் வரலாற்று நூலகம் போனவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

தாமிரபரணி:
நான் போனது ஸ்காட்லாந்தில் இருக்கிற கிளாஸ்கோ பெண்கள் நூலகம். பிரிட்ஜ்டன் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். கோடீஸ்வரர் கார்னெகி கொடுத்த பணத்தில் 1906இல் திறந்த பழைய வட்டார நூலகக் கட்டடம். இவர்கள் அங்கே வந்தது 2013இல். உள்ளே இருப்பவை பெரும்பாலும் ஜனங்கள் கொண்டுவந்து கொடுத்தவை. வாக்குரிமைப் போராட்டத்துப் பொருட்களும் இருக்கும், ஸ்வெட்டர் பின்னுகிற மாதிரித் தாள்களும் இருக்கும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அலமாரிதான். நன்கொடை கொடுத்தால் நாம் சொல்கிற ஒரு பெண்ணின் பெயரைத் தட்டுக்கு வைக்கலாம். பிரபலமாக இருக்க வேண்டும் என்றில்லை, யாரோ ஒருவரின் அம்மாவாகவோ டீச்சராகவோ இருந்தால் போதும். ஆச்சி பெயரைக் கொடுப்போம் என்று மேசைக்குப் போனேன். அந்தப் பெண்மணி பேனாவைத் திறந்துகொண்டு பெயரைக் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. அப்பாவின் அம்மாவை ஊரே சீவலப்பேரியாள் என்றுதான் சொல்லும். அது அவள் பிறந்த ஊர். அங்கேயே நின்று பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். "எங்க அம்மைக்கா? எங்கய்யா சீவலப்பேரியான்னுதாம்மா கூப்பிடுவாவ..." என்றவர் கொஞ்சநேரம் பேசவே இல்லை. பிறகு, "அத்தைகிட்ட கேட்டுச் சொல்லுதேன்." எழுபது தாண்டிய மனுஷருக்குப் பெற்ற தாயின் பெயர் தெரியவில்லை. பெண்மணி பேனாவை மூடிவிட்டு, அவசரமில்லை என்றார். அந்தப் பேனா இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

தேம்ஸ்கரை:
லண்டன் பொருளாதாரப் பள்ளியில் இருக்கும் பெண்கள் நூலகம். 1926இல் தொடங்கியது, பல இடம் மாறி 2013இல் இங்கே வந்தது. வாக்குரிமைப் போராளி எமிலி டேவிசன் கதை எல்லோருக்கும் தெரியும், 1913 ஜூன் 4, எப்சம் குதிரைப் பந்தயம், ஓடிவந்த ராஜாவின் குதிரைக்கு முன்னால் போய் அடிபட்டு, சில நாளில் இறந்துபோனார். அவர் வைத்திருந்த ரயில் டிக்கெட்டின் திரும்பி வரும் பாதி அந்தச் சேகரிப்பில் இருக்கிறது. ஒரு கண்காட்சியில் பார்த்தேன். விரல் நீளம்கூட இல்லாத அட்டை. சாக வேண்டும் என்று போகிறவர் திரும்பிவர டிக்கெட் எடுப்பாரா? ஒரு நூற்றாண்டாக அவரைத் தற்கொலைக்காரி என்று எழுதியவர்கள் அந்த அட்டை முன்னால் வந்து நிற்கட்டும்.

எழுத்தாணி:
தேம்ஸ்கரை, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்த டிக்கெட்டை வைத்து முடிவு கட்ட முடியாது. பந்தய நாள் சிறப்பு ரயிலுக்கு போக வர சேர்த்தேதான் டிக்கெட் கொடுத்தார்கள் என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர் மனதில் இருந்தது அவருக்கு மட்டும்தான் தெரியும், நாம் ஏன் தீர்ப்பு எழுத வேண்டும்? என்னைக் கேட்டால் அவரை 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இரவில்தான் பார்க்க வேண்டும். ஓட்டு இல்லாத எங்களைக் கணக்கில் மட்டும் ஏன் சேர்க்கிறீர்கள் என்று பெண்கள் மறுத்த இரவு. டேவிசன் நாடாளுமன்றத்துக்குள் ஓர் அலமாரியில் ஒளிந்துகொண்டார். கண்டுபிடித்து அந்த முகவரியிலேயே எழுதிவிட்டார்கள். தங்கியிருந்த வீட்டிலும் எழுதினார்கள். ஆக அவர் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது. தாமிரபரணி எழுதியதைப் படித்துவிட்டு இதை நினைக்கையில் தொண்டை அடைக்கிறது.

பழுப்புத்தாள்:
பாரிஸ், மார்கரித் துய்ரான் நூலகம், 13ஆம் வட்டாரம். துய்ரான் நடிகையாக இருந்து பத்திரிகைக்காரரானவர். 1897இல் அவர் தொடங்கிய 'லா ஃப்ரோந்து' நாளிதழில் எழுதியவர்களும் பெண்கள், அச்சுக் கோத்தவர்களும் பெண்கள். தன் சேகரிப்பை 1931இல் நகராட்சிக்குக் கொடுத்தார். அந்த நாளிதழின் ஒரு பக்கத்தைப் பார்த்தேன். எழுத்துகளைக் கோத்த விரல்களைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

தாமிரபரணிக்கு: அத்தை சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதலில் பித்தளைப் பாத்திரங்களைப் பாருங்கள். சீர் வந்த குடம், அண்டா, குத்துவிளக்கு எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருப்பார்கள். அடுத்து நிலப் பத்திரம். பெண் பெயரில் கிரயமோ தானமோ நடந்திருந்தால் இன்னார் மனைவி என்பதற்கு முன்னால் அவர் பெயர் இருந்தே தீரும். வில்லங்கச் சான்று போட்டால் பத்திர எண் கிடைக்கும். பழைய வாக்காளர் பட்டியலையும் தேடுங்கள். கருமாதிப் பத்திரிகையை யாராவது பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். சீவலப்பேரிக்கே போய் அவர் பிறந்த வீட்டு ஆட்களைக் கேளுங்கள், அங்கே அவரைச் சீவலப்பேரியாள் என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். கிடைத்ததும் எந்தத் தாளில் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதிவையுங்கள்.

தாமிரபரணி:
பழுப்புத்தாள் அண்ணே, பிறந்த வீடு என்கிற யோசனை எங்கள் யாருக்குமே வரவில்லை. ஒரு குடத்தில் எழுத்து இருக்கிறது என்று சித்தி போட்டோ அனுப்பினாள். அது தாத்தா பெயர்.

கீழவாசல்:
நல்ல பதிவு. ஆனால் இதெல்லாம் வெளிநாட்டில்தான் நடக்கும். நம் நாட்டில் யார் பெண்களுக்கென்று தனியாகச் சேர்த்து வைக்கப்போகிறார்கள்?

தாதர் லோக்கல்:
கீழவாசல், தயவுசெய்து இப்படி எழுதாதீர்கள். மும்பையில் ஸ்பாரோ என்கிற பெண்கள் ஆவணக் காப்பகம் 1988இலிருந்து இருக்கிறது. தொடங்கியவர்களில் நம் எழுத்தாளர் அம்பையும் ஒருவர். குரல் பதிவுகள், புகைப்படங்கள், போஸ்டர்கள் என்று பெண்களின் வாழ்க்கையைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு பதிவு கேட்டேன். பதில் சொல்லிக்கொண்டிருந்த அம்மா பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போகிறார். குக்கர் சத்தம் கேட்கிறது. கேள்வி கேட்டவர் காத்திருக்கிறார், அந்த இடைவெளியை யாரும் வெட்டவில்லை. திரும்பி வந்து, விட்ட வாக்கியத்திலிருந்து சரியாகத் தொடர்கிறார். இப்படிக் காத்திருந்து பதிவு செய்யும் இடத்தை 'இல்லை' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

தாமிரபரணி, உங்கள் அத்தைக்கு வயது என்ன? பேச முடிகிற நிலையில் இருந்தால், பெயரை மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைக்காதீர்கள். ஆச்சியைப் பற்றி நினைவில் இருப்பதையெல்லாம் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். இந்த வாரமே.