முரசில் வடிந்த இரத்தமும் விற்றமின் சி குறைபாடும்: அனுபவப் பகிர்வு

உப்புவெளி வாசி:

பெரியப்பாவின் முரசு வீங்கி இரத்தம் வடிந்ததை நீரிழிவின் கணக்கில் எழுதிவிட்டு, ஆடிய பல்லொன்றையும் பிடுங்குவித்த பின்னரே பொது வைத்தியர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் வாயைப் பார்ப்பதற்கு முன்பே சாரத்தை முழங்கால்வரை உயர்த்தச் சொல்லி, கணுக்காலுக்கு மேலே கைவிளக்கைப் பிடித்தார். ஒவ்வொரு மயிரின் அடியிலும் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. மயிரோ நேராக வளராமல் சுருள்கம்பி போல முறுகியிருந்தது. "ஐயா, கடைசியாக எப்போது பழம் சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டார். பெரியப்பா வெகுநேரம் யோசித்து, "மனுசியின் திவசத்துக்கு ஒரு வாழைப்பழம்" என்றார்.

பெரியம்மா போன பிறகு அவர் உண்டது பாணும் தேநீருமே. நெஞ்செரிவென்று புளிப்பை விட்டே விட்டார். விற்றமின் சி மாத்திரை தொடங்கிச் சில நாட்களில் சோர்வு விலகியது, அடுத்து முரசுக் கசிவும் நின்றது. கொய்யாவும் நெல்லியும் காய்க்கும் ஊரில், விற்றமின் சி குறைபாட்டால் வரும் ஸ்கர்வி நோய் எப்படி வந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது நாள்தோறும் தேசிக்காய் ஒன்றைத் தண்ணீரில் பிழிந்து கொடுக்கிறோம், அது போதும்தானே?

கொட்பே கடலோடி:

போதாது. நான் பலநாள் படகில் தொழிலுக்குப் போனவன். எங்களுடன் வந்த மூத்தவர் ஒருவரின் உள்ளங்கையில் தூண்டில் கிழித்த காயம், சீழும் பிடிக்காமல், கரைசேரும்வரை மூடவும் இல்லை; ஒவ்வொரு காலையும் துணியை அவிழ்த்தால் முதல்நாள் பார்த்தபடியே சிவந்து கிடக்கும். பச்சைமிளகாய், வெங்காயம், தேசிக்காய் எதையும் தொடாதவர். ஓயாமல் பீடி புகைப்பவர். எவரும் சோதித்துப் பார்க்கவில்லையாயினும், காயத்தை மூடத் தேவையான கொலாஜன் என்ற புரதத்தின் இழைகளை முறுக்கிப் பிணைக்கும் நொதிகள் விற்றமின் சி இல்லாமல் வேலை செய்யமாட்டா என்று பின்னர் படித்தபோது அந்தக் கைதான் கண்முன் வந்தது.

இனித் தேசிக்காய்க்கு வருகிறேன். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்துச் சோதித்தபோது விரைவாகத் தேறியவர்கள் தோடம்பழமும் எலுமிச்சையும் பெற்றவர்களே. 1795இல், அதாவது ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பறித்த அதே ஆண்டில், பிரித்தானியக் கடற்படை தன் மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு வழங்க ஏற்பாடு செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைக் கைவிட்டு மேற்கிந்தியத் தேசிக்காய்ச் சாற்றுக்கு மாறியது. அதில் சத்துக் குறைவு, செம்புக் குழாய்களில் ஓடியதில் இருந்ததும் அழிந்தது. 100 கிராம் தேசிக்காயில் சுமார் 30 மில்லிகிராம் உண்டு, கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல். பெரியவருக்குக் கொய்யாவைக் கொடுங்கள்.

உவர்மலை ஆசிரியை:

என் அண்ணன் மகள் முகத்துக்கு விற்றமின் சி சீரம் பூசுவதால் பழம் தேவையில்லை என்கிறாள். அவள் மேசையில் இருந்த போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்; உள்ளிருந்தது பழுப்பாகிவிட்டிருந்தது. அஸ்கோர்பிக் அமிலம் காற்றும் ஒளியும் பட்டால் இப்படிக் கெடும். அதனால்தான் மக்னீசியம் அஸ்கோர்பைல் பொஸ்பேற்று, அஸ்கோர்பைல் குளுக்கோசைட்டு போன்ற வழிப்பொருட்களைச் சேர்க்கிறார்கள். அவை நெடுநாள் நிலைக்கும், ஆனால் தோலுக்குள் சென்று மீண்டும் அஸ்கோர்பிக் அமிலமாக மாறினால்தான் பயன். கன்னத்தில் பூசியது முரசுக்குப் போய்ச் சேராது என்றேன். சிரித்துக்கொண்டே மூடியைத் திருகி வைத்துவிட்டாள்.

கிண்ணியா வாப்பா:

என் சாச்சியின் பேரன் பசும்பாலும் விசுக்கோத்தும் தவிர வேறெதையும் வாயில் வைக்காத பிள்ளை. ஒருநாள் நடக்க மறுத்தான். காலைத் தொட்டாலே அலறினான். சாச்சி விழுந்துவிட்டான் என்றே நினைத்தார். அதுவும் ஸ்கர்விதான்; எலும்பைப் போர்த்திய சவ்வான எலும்புறைக்கு அடியில் இரத்தம் கசிந்திருந்தது.

கொட்பேக் காரர் "போதாது" என்று ஒரே சொல்லில் முடித்தது சரியல்ல. ஸ்கர்வி வராமல் தடுக்க நாளுக்கு 10 மில்லிகிராம் அளவே போதும். ஒரு தேசிக்காய் அதற்கு ஏறத்தாழ ஈடுகொடுக்கும். வயது வந்த ஆணுக்கு 90, பெண்ணுக்கு 75 என்பது உடலில் கையிருப்பு வைத்துக்கொள்வதற்கான அளவு. புகைப்பவருக்கு இன்னும் 35 வேண்டும். எலிக்கும் ஆட்டுக்கும் இதை உடலே தயாரித்துக்கொடுக்கிறது, நமக்கும் கினிப்பன்றிக்கும் அந்த வசதி இல்லை. முருங்கையிலையை நெடுநேரம் அவித்து நீரை ஊற்றிவிட்டால் சத்தும் போய்விடும், ஆதலால் வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போடுங்கள், தேசிப்புளியைச் சொதி இறக்கிய பிறகே விடுங்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடலில் ஏறவும் அந்தப் புளி உதவும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் அது தடைபடும். மாத்திரையை இனிப்பாக எண்ணிப் பிள்ளைகள் அள்ளித் தின்ன விடாதீர்கள். பெரியவர்களுக்கே நாளுக்கு 2,000 மில்லிகிராமுக்கு மேல் ஆகாது. சிறுநீரகக் கல் உள்ளவர்களும் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயால் உடலில் இரும்பு மிகுந்தவர்களும் வைத்தியரைக் கேளாமல் தொடவே கூடாது.

கொட்பே கடலோடி:

10 மில்லிகிராமால் நோய் வராது என்பதை ஏற்கிறேன். ஆனால் பெரியவருக்கு நோய் ஏற்கெனவே வந்துவிட்டது. வெறுமையான கையிருப்பை நிரப்பாமல் குறைந்தபட்ச அளவில் நிறுத்தினால், ஒரு காய்ச்சலோ காயமோ வந்ததும் பழைய இடத்துக்கே திரும்புவார். அவருடைய வைத்தியர் மாத்திரையை எதுவரை எடுக்கச் சொன்னார்?