‘சியர்ஸ்’ தொடரை விட்டுப் போய் ஷெல்லி லாங் கெட்டாரா?

பழைய டிவி பைத்தியம்: பாஸ்டன் பார் ஒன்றில் நடக்கும் அமெரிக்க நகைச்சுவைத் தொடர் ‘சியர்ஸ்’. அதில் டயானாக நடித்த ஷெல்லி லாங்கைப் பற்றிப் பக்கத்து இழையில் ஒருத்தர் எழுதியிருக்கிறார்: “சியர்ஸை விட்டுப் போனதோடு ஷெல்லி லாங் கதை முடிந்தது, ஒரு படம்கூட ஓடவில்லை.” அதற்குக் கைதட்ட ஒரு கூட்டம் வேறு. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. பெட் மிட்லரோடு நடித்த ‘அவுட்ரேஜஸ் ஃபார்ச்சூன்’ 1987-இல் அமெரிக்காவில் மட்டும் 5 கோடி டாலருக்கு மேல் வசூல் செய்த படம். எழுதும் முன் கொஞ்சம் தேடிப் பார்க்கக் கூடாதா?

கறார் கணக்கு: எழுதியது நான்தான். அந்தப் படம் வந்தது 1987 ஜனவரி. டயான் சேம்பர்ஸ் அந்த பாஸ்டன் பாரை விட்டுக் கிளம்பும் எபிசோட் வந்தது 1987 மே. போன பிறகு ஓடவில்லை என்றுதான் சொன்னேன். ஜனவரி முதலில் வருமா, மே முதலில் வருமா?

ரிமோட் ராணி: காலண்டர் சார் வந்துவிட்டார். சரி, 1995-இல் ‘தி பிராடி பன்ச் மூவி’. அம்மா கரோல் பிராடியாக நடித்தது யார்? அதுவும் 4 கோடி டாலரைத் தாண்டிய படம். இது உங்கள் மே மாதத்துக்கு அப்புறம்தானே?

கறார் கணக்கு: அது பழைய தொடர் மேல் ஜனங்களுக்கு இருந்த பாசத்தில் ஓடியது. இவருக்காக ஓடவில்லை. சேராது.

ரிமோட் ராணி: ஓடினால் சேராது, விழுந்தால் சேரும். நல்ல கணக்கு!

மொட்டைமாடி: கொஞ்சம் நில்லுங்கள். வசூலை வைத்துப் பேசுகிறோமா, விருதை வைத்தா, வேலை கிடைத்ததை வைத்தா? அதை முடிவு செய்யாமல் ஏன்...

கறார் கணக்கு: ஜனவரி முடிவாகிவிட்டது, மேலே போவோம். அதே வருடம் நவம்பரில் ‘ஹலோ அகெய்ன்’ வந்து படுத்தது. மாதக் கடைசியில், சியர்ஸில் சாமாக வந்த டெட் டான்சன் நடித்த ‘த்ரீ மென் அண்ட் எ பேபி’ வந்தது. 1987-இல் வெளியானவற்றில் அமெரிக்க வசூலில் முதலிடம். அவர் பாரை விடாமலே சினிமாவும் செய்தார். 1989-இல், டயான் போன பிறகு ரெபெக்காவாக வந்த கிர்ஸ்டி ஆலிக்கு ‘லுக் ஹூஸ் டாக்கிங்’, 1992-இல் உடி ஹாரல்சனுக்கு ‘வைட் மென் கான்ட் ஜம்ப்’. எல்லாரும் தொடரில் இருந்துகொண்டே செய்தவர்கள். இவருக்கு மட்டும் என்ன அவசரம்?

பழைய டிவி பைத்தியம்: இவரும் அதைத்தானே ஐந்து சீசன் செய்தார்? 1986-இல் டாம் ஹாங்க்ஸோடு ‘தி மணி பிட்’ நடித்தபோது எந்த வேலையில் இருந்தாராம்? 1982-இல் சியர்ஸ் ஆரம்பித்தபோது ரேட்டிங் பட்டியலில் ஏறக்குறைய அடிமட்டம். அதைத் தூக்கி நிறுத்தியது சாம், டயான் சண்டைதான். 1983-லேயே அவருக்கு எம்மி டிவி விருது.

அந்த மே மாத எபிசோடைப் பார்த்தீர்களா, தேதியை மட்டும் பார்த்தீர்களா? நாவல் எழுதப் போகிறேன், ஆறு மாதத்தில் வந்துவிடுவேன் என்கிறாள் டயான். சாம் ‘நன்றாக இரு’ என்கிறான். என்ன இது, எல்லாம் முடிந்துபோன மாதிரி பேசுகிறாய் என்று அவள் சண்டைக்கு வருகிறாள். அவள் போன பிறகு, யாருமில்லாத கடையில் நின்று அதையே இன்னொரு தரம் சொல்வான். அந்தப் பெண்ணை ஐந்து வருடம் அப்படி நம்ப வைத்தவரைத்தான் ‘கதை முடிந்தது’ என்கிறீர்கள்.

கறார் கணக்கு: நானும் பார்த்தேன், அழுதேன். ஜனவரி மாறவில்லை. அவர் போனதும் தொடர் விழுந்ததா? இன்னும் ஆறு சீசன் ஓடியது. 1990–91 சீசனில் அமெரிக்காவிலேயே நம்பர் ஒன். 1991-இல் கிர்ஸ்டி ஆலிக்கும் எம்மி.

ஓரமா நிக்கிறேன்: கிர்ஸ்டி ஆலி நன்றாகத்தான் செய்தார். ஆனால் ரெபெக்கா முதலில் கண்டிப்பான மேனேஜர், அப்புறம் எதற்கெடுத்தாலும் அழுகை. எழுதினவர்களுக்கே அவரை என்ன செய்வதென்று தெரியவில்லை.

கறார் கணக்கு: போன வருடம், சியர்ஸிலிருந்து கிளைத்த ‘ஃப்ரேசியர்’ தொடரின் இழையில், அதில் வரும் டாஃப்னி விஷயமாக என்னிடம் மோதிவிட்டு ஓடியவர்தானே நீங்கள்? பெயர் மாற்றினால் தெரியாதா?

ஓரமா நிக்கிறேன்: ஓடவில்லை, தூங்கப் போனேன். எல்லாருக்கும் விடிய விடிய டைப் அடிக்க நேரம் இருக்குமா?

ரிமோட் ராணி: ஃப்ரேசியர் என்றதும் ஞாபகம் வருகிறது. 1984-இல் அந்த டாக்டர் ஃப்ரேசியர் சியர்ஸுக்குள் வந்ததே டயானின் காதலனாகத்தான். சில எபிசோடில் போயிருக்க வேண்டிய ஆள், பிறகு தனித் தொடரே 11 சீசன்! 1996-இல் அதில் டயான் திரும்பி வந்து, பழைய பாரை அப்படியே மேடையில் வைத்து நாடகம் போடும் எபிசோட் இருக்கிறதே, இன்றைக்குப் பார்த்தாலும் வயிறு வலிக்கும்.

பழைய டிவி பைத்தியம்: 1993-இல் சியர்ஸ் கடைசி எபிசோடுக்கும் அவரைத்தானே கூப்பிட்டார்கள்? 2009-இல் தொடங்கிய ‘மாடர்ன் ஃபேமிலி’ தொடரில் குடும்பத் தலைவர் ஜேயின் முதல் மனைவி டீடீ. எப்போதாவதுதான் வருவார், வந்தால் வீடே ரெண்டாகும்.

கறார் கணக்கு: விருந்தாளியாக வந்து போவது எல்லாம் ஒரு கேரியரா? 1989-இல் ‘ட்ரூப் பெவர்லி ஹில்ஸ்’ தியேட்டரில் விழுந்தது. 1992-இல் ‘ஃப்ரோசன் அசெட்ஸ்’, சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் அதற்கு அரை நட்சத்திரம்கூடத் தரவில்லை. இதெல்லாம் மே மாதத்துக்கு முன்பா பின்பா?

ரிமோட் ராணி: ‘ட்ரூப் பெவர்லி ஹில்ஸ்’ படத்தைக் கேசட்டில் பார்த்து வளர்ந்த பெண்கள் இன்னும் கொண்டாடுகிறார்கள் சார். உங்கள் ஜனவரியை யார் கொண்டாடுகிறார்கள்?

கறார் கணக்கு: புத்தாண்டே ஜனவரியில்தான்.

மொட்டைமாடி: நான் கேட்டது அப்படியே கிடக்கிறது.

கறார் கணக்கு: கிடக்கட்டும். ‘ஓரமா நிக்கிறேன்’ டாஃப்னிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஃப்ரேசியரின் தம்பி நைல்ஸ் அவளுக்காக ஏழு சீசன் காத்திருந்தது அநியாயமா இல்லையா என்று தனி இழை திறந்து வைத்திருக்கிறேன். தைரியம் இருந்தால் அங்கே வரவும்.

ஓரமா நிக்கிறேன்: வருகிறேன். சாப்பிட்டுவிட்டு.