மழைக்கு முன்பே தளிர்க்கும் முதுமலை மரங்கள்

இலையுதிர் காட்டை அதன் இலையற்ற மாதங்களில்தான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். முதுமலையில் மசினகுடியிலிருந்து தெப்பக்காட்டை நோக்கி மேற்கே செல்லச் செல்ல மழையளவு கூடுவதால், முட்புதர்க் காடு உலர் இலையுதிர் காடாக மாறுவதை மரங்களைக் கொண்டே அறியலாம். பங்குனியில் அங்கு இலையைப் பார்த்து மரத்தை அறிய வழியில்லை. பட்டையைத்தான் படிக்க வேண்டும். கருமருதின் பட்டை முதலைத் தோல்போல் கட்டங்கட்டமாக வெடித்திருக்கும். வெக்காலியின் பட்டை வெளிறி வழவழப்பாக இருக்கும். வனக்காவலர் ஒருவரின் துணையுடன் சென்றபோது, கிளை முறிந்த வேங்கை ஒன்றில் செந்நிறப் பிசின் வடிந்து உறைந்திருந்ததை அவர் காட்டினார். அருகிலேயே புரசு, ஓர் இலைகூட இல்லாமல் பூத்திருந்தது.

ஆயினும் என்னை வியக்க வைத்தது பூக்கள் அல்ல. தரை வெடித்துக் கிடந்த, கோடை மழை எட்டிப் பாராத அந்த நாள்களில், பூவத்தி மரமொன்று தளிர்விட்டு நின்றது. தளிர்கள் செக்கச்செவேலென்று இருந்ததால், தொலைவிலிருந்து அவற்றைப் பூக்கள் என்றே எண்ணினேன். நீரில்லாத காலத்தில் மரம் ஏன் இலைவிட வேண்டும்? முதுமலையில் ஆய்வு செய்த இந்திய அறிவியல் கழகத்தினர் இதற்கு ஒரு விளக்கம் தந்துள்ளனர். மழை தொடங்கியதும் இலைதின்னும் பூச்சிகள் பெருகுகின்றன. அதற்கு முன்பே தளிர்க்கும் மரங்களின் இலைகள் அப்போது முற்றிவிடுவதால் சேதம் குறைகிறது. தாமதமாகத் தளிர்ப்பவையே அதிகம் கடிபடுகின்றன. வறட்சியின் இடரை ஏற்றுப் பூச்சிகளிடமிருந்து தப்பும் இந்த ஏற்பாட்டை அறிந்த பின், கோடைக்காட்டை வெறும் காய்ந்த காடு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

மனத்தை உறுத்தியது உண்ணிச்செடி. அது அடர்ந்த இடங்களில் புல்லும் இல்லை, மரக்கன்றுகளும் அரிதாகவே தென்பட்டன. தரையோடு ஓடி அடங்க வேண்டிய காட்டுத்தீயை மரக்கிளைகள் வரை ஏற்றிவிடுவதும் இந்தப் புதரே.

ஜவ்வாது, கல்வராயன் மலைகளில் கோடையில் நடந்தவர்கள், அங்குள்ள மரங்கள் முதல் மழைக்கு முன்பே தளிர்க்கின்றனவா, எந்தெந்த மரங்கள் என்று தாம் கண்டதை எழுதினால், முதுமலையோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.