புதுப்பிப்பு: நம்பகமான ரிவியூ தளம், எதைத் தேர்ந்தெடுத்தோம்

எங்கள் நிறுவனத்துக்கு நம்பகமான வாடிக்கையாளர் ரிவியூ தளம் எது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முடிவு: முதலில் கூகுள், துணைக்கு டிரஸ்ட்பைலட். "விலையைப் பிறகு பாருங்கள்; மோசமான ரிவியூவை நிறுவனமே மறைக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்" என்று ஒருவர் சொன்ன யோசனைதான் உதவியது. கேட்டோம். ஒரு ஸ்டார் ரிவியூக்களை நிறுத்திவைக்கலாம் என்று ஒரு தளம் பெருமையாகவே சொன்னது. அதை உடனே விட்டுவிட்டோம். நாங்கள் எடுத்த இரண்டிலும் புகார் மட்டுமே கொடுக்கலாம், நீக்குவது தளத்தின் முடிவு. யெல்ப் என்ற ரிவியூ தளம் ஒத்துவரவில்லை, நிறுவனங்கள் ரிவியூ கேட்பதையே அது விரும்புவதில்லை.

எதிர்பாராத ஒன்று: எங்கள் இணையதளத்தில் ரிவியூக்களைக் காட்டும் விட்ஜெட் (சிறு பெட்டி) போட்டும் கூகுள் தேடலில் எங்கள் பெயருக்குக் கீழே மதிப்பீட்டு நட்சத்திரங்கள் வரவில்லை. ஒரு நிறுவனம் தன்னைப் பற்றிய மதிப்பீட்டைத் தன் தளத்திலேயே காட்டினால், 2019 செப்டம்பரிலிருந்து கூகுள் அதற்கு நட்சத்திரம் காட்டுவதில்லை. விட்ஜெட் வேறொருவருடையது என்றாலும் அப்படித்தான். தனித்தனிப் பொருள்களின் பக்கங்களுக்கு இந்தத் தடை இல்லை.

அப்புறம், திருப்தியானவர்களிடம் மட்டும் தேர்ந்தெடுத்து ரிவியூ கேட்பது கூகுள் விதிக்கு எதிரானது. அதனால் வாங்கிய எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல்தான் அனுப்புகிறோம்.