மறு: 'நிகழ்நேர ஒலிப் பகிர்வு' போதாதா? உடனொலி என்று ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

> 'நிகழ்நேர ஒலிப் பகிர்வு' இருக்கும்போது இன்னொரு சொல் எதற்கு?

வேறு வேறு ஊரில் இருப்பவர்கள் இணையம் வழியாக ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிப்பதற்கு 'உடனொலி' என்று நான் சொன்ன சொல்லுக்கு வந்த கேள்வி இது. இரண்டு நாளாக இதற்குப் பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன். நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

நான் கேரள எல்லையில், பாலக்காட்டுப் பக்கம் உள்ள கொழிஞ்சாம்பாறைக்காரன். மிருதங்கம் வாசிப்பேன், பிழைப்பு வேறு. பொள்ளாச்சியில் வயலின்கார நண்பர் ஒருவர். தூரம் அதிகமில்லை, ஆனாலும் மழைக்காலத்தில் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்ட மனசு வராது. வீடியோ காலில் வாசித்துப் பார்த்தோம். முதலில் சுருதிப்பெட்டி போச்சு. விடாமல் ஒரே சீராக வருகிற ஒலியை இரைச்சல் என்று எண்ணி அந்தச் செயலி வடிகட்டிவிட்டது! அந்த வடிகட்டலை அணைத்துவிட்டுத் தொடங்கினால் தாளம் நிலைக்கவில்லை. என் தட்டு அவருக்குப் பிந்திப் போகிறது. அவர் அதற்காகக் காத்து வில்லை இழுக்கிறார். அது எனக்கு இன்னும் பிந்தி வர, நான் அவருக்காகக் காக்கிறேன். மத்திம காலத்தில் எடுத்த கீர்த்தனை சரணத்துக்கு வருவதற்குள் மெதுவாகிச் சௌக்கமாகிவிட்டது.

அப்புறம்தான் ஜாக்ட்ரிப் பக்கம் போனோம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இசை ஆய்வு மையத்தில் உருவான கட்டற்ற மென்பொருள் அது. ஒலியைச் சுருக்காமல் அப்படியே யூடிபி என்ற இணைய முறையில் சின்னச் சின்னப் பொதிகளாக அனுப்பும். வழியில் ஒரு பொதி தொலைந்தால் அதற்காக நின்று காத்திருக்காது, போனது போகட்டும் என்று அடுத்ததை எடுத்துக்கொள்ளும். என் கணினியை சர்வராக்கி, ரூட்டரில் அந்தப் பொதிகள் உள்ளே வருவதற்கான 4464 என்ற போர்ட்டைத் திறந்துவிட்டேன். வைஃபையை விட்டு இருவரும் வயருக்கு மாறினோம். ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து எடுக்கும் மாதிரிகள், அதில் ஒரு கட்டுக்கு 128 என்று வைத்தால் ஒரு கட்டு 2.7 மில்லிநொடிதான். இருவரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டோம், இல்லாவிட்டால் என் தட்டே அவர் மைக் வழியாகத் திரும்பி வரும்.

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அப்படியானால் 25 மில்லிநொடி பிந்துவது என்பது எட்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசிப்பது போல. அதுவரை சமாளிக்கலாம். ஒளியிழையில் ஒரு மில்லிநொடிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போய்விடும், பொள்ளாச்சியெல்லாம் ஒரு தூரமே இல்லை. ஆனால் எங்கள் பொதிகள் எல்லையில் உள்ள கோபாலபுரம் செக்போஸ்ட் வழியாக நேராகவா வருகின்றன? அவருக்கு ஒரு நிறுவனத்தின் இணைப்பு, எனக்கு வேறொன்று. இரண்டும் எந்த ஊரில் சந்தித்துக்கொள்கின்றனவோ, அந்த ஊர் வரை போய்த் திரும்ப வேண்டும். ஆனாலும் அன்று ஆதி தாளம் குலையாமல் நிலைத்தது. மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனமே வாசித்துவிட்டேன்.

சரி, இதற்கு என்ன பெயர்? 'நேரலை' என்றால் டிவி. பக்கத்து வீட்டில் சிக்சருக்குக் கத்தி முடித்த பிறகுதான் நம் வீட்டில் பந்தே வீசுவார்கள், அதுவும் நேரலைதான். இங்கே மலையாள சேனல்களில் 'தத்ஸமயம்' என்று போடுவார்கள், அதுவும் ஒருவழிதான். 'நிகழ்நேரம்' நல்ல சொல், ரயில் எங்கே வருகிறது என்று பார்க்கச் சரியாக இருக்கும். 'பகிர்வு' சேர்ந்ததும் வாட்ஸ்அப்பில் யாரோ எதையோ தள்ளிவிட்ட மாதிரி ஆகிறது. இரண்டு பேர் சேர்ந்து ஒலிக்கிறார்கள் என்பது எதிலுமே இல்லை.

அதனால்தான் 'உடனொலி'. உடன்பிறப்பில் உள்ள 'உடன்' கூட இருப்பதைச் சொல்கிறது, 'உடனே'யில் உள்ளது நேரத்தைச் சொல்கிறது. நமக்கு இரண்டுமே வேண்டும். பக்கத்திலேயே 'எதிரொலி' இருப்பதால் காதுக்கும் புதிதாகத் தெரியாது.

> மலையாளத்தில் 'உடன்' என்றால் 'சீக்கிரம்' என்றுதானே? பாலக்காட்டில் குழம்புவார்கள்.

நியாயம்தான். இங்கே சினிமா போஸ்டரில் 'உடன் வருந்நு' என்று இருந்தால் படம் வர இன்னும் ரெண்டு மாசம் ஆகும் என்று அர்த்தம். ஆனால் இது தமிழில் படிப்பவர்களுக்கான சொல். சித்தூர்த் தாலுகாவில் தமிழ் மீடியத்தில் படித்த யாரும் இதற்குத் தடுமாறமாட்டார்கள்.

பிந்தி வருவதற்குத் 'தாமதம்' வேண்டாம், அது ஆள் செய்கிற தப்பு மாதிரி இருக்கிறது. 'சுணக்கம்' போதும். பொதிகள் சீராக வராமல் முன்னும் பின்னும் வருவதற்கு 'நடுக்கம்' என்று சொன்னவரோடு எனக்குச் சண்டையில்லை.

ஒன்றுதான் இடிக்கிறது. 'உடனொலி இணைப்பு', 'உடனொலி அமர்வு' எல்லாம் நன்றாகத்தான் வருகின்றன. வினையாக்கினால்? 'நேற்று ராத்திரி உடனொலித்தோம்' என்று வயலின்காரரிடம் சொன்னேன், சிரித்துவிட்டார். வேறு வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து