கஞ்சா பீடி கேஸ், பைன் கட்டியாச்சு: வி.எஸ்.எஸ்.சி. படிவத்தில் என்ன எழுதணும்?

களியக்காவிளைக்காரன்:
தம்பிக்கு தும்பா வி.எஸ்.எஸ்.சி.யில் (இஸ்ரோவோட விக்ரம் சாராபாய் விண்வெளி மையம்) டெக்னீஷியன் வேலை கிடைச்சிருக்கு. பின்னணியைச் சரிபார்க்கிறதுக்கான அட்டஸ்டேஷன் படிவம் நிரப்பணும். 2022-ல் திருவனந்தபுரம் ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சப்போ கஞ்சா பீடியோட எக்சைஸ்காரங்க பிடிச்சு ஜாமீன்ல விட்டாங்க. அப்புறம் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல குற்றத்தை ஒத்துக்கிட்டு பைன் கட்டினான். "பைனோட முடிஞ்சுது, கேஸ் இல்லைன்னு போடு"ன்னு வீட்ல சொல்றாங்க. கேஸ் கேரளாவில, வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில. தெரியவா போகுது?

குழித்துறை குமாஸ்தா:
எல்லாரும் சறுக்குற இடம் இதுதான். ஒத்துக்கிட்டு பைன் கட்டினா அதுக்குப் பேரு தண்டனை. கேஸ் தள்ளுபடி ஆனதா அர்த்தமில்லை. அமெரிக்காவில பாதுகாப்பு அனுமதிக்கான எஸ்.எஃப். 86 படிவம், 7 வருஷத்துக்குள்ள போதைப்பொருள் உபயோகிச்சியான்னே கேட்கும். நம்ம படிவம் பழக்கத்தைக் கேட்கிறதில்லை. கைது, வழக்கு, பைன், தண்டனை உண்டான்னு தனித்தனியா கேட்கும். உங்க தம்பிக்கு நாலுக்குமே "ஆம்" வரும். தகவலை மறைச்சா தகுதி போயிடும்னு படிவத்தோட தலையிலேயே எச்சரிக்கை இருக்கு, படிச்சுப் பாருங்க.

பாறசாலை பக்கம்:
விலாசத்தை நம்பாதீங்க அண்ணா. கடைசி 5 வருஷத்தில ஒரு வருஷத்துக்கு மேல தங்கின எல்லா இடத்தையும் எழுதணும். ஹாஸ்டல் அதில வந்தா போலீஸ் விசாரணை திருவனந்தபுரத்துக்கும் போகும். ஹாஸ்டலை எழுதாம விட்டா அது ரெண்டாவது பொய்.

களியக்காவிளைக்காரன்:
அப்போ உண்மையை எழுதினா வேலை உறுதியா?

குழித்துறை குமாஸ்தா:
உறுதி யாரும் தர முடியாது. வேலைப் படிவத்தில கேஸை மறைச்சது பத்தின அவதார் சிங் வழக்கில 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: உண்மையைச் சொன்னாலும் முன்நடத்தையைப் பார்த்து முடிவெடுக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. சின்ன குற்றத்தை மறைச்சிருந்தா மன்னிக்கலாம்னும் அதே தீர்ப்பு சொல்லுது. ஆனா அந்தச் சலுகை நிறுவனத்தோட கையில. அதை நம்பிப் பொய் எழுதுறது மடத்தனம்.

முதல்ல கோர்ட்ல காப்பி அப்ளிகேஷன் போட்டு தீர்ப்போட சர்டிபைட் காப்பி வாங்குங்க. பைன் ரசீதும் வேணும். கேஸ் நம்பர், பிரிவு, கோர்ட், தேதி, முடிவு இந்த அஞ்சையும் தனித்தாளில எழுதி இணைங்க. "பீடி கூட்டாளியோடது"ன்னு கதை சேர்க்காதீங்க. கோர்ட்ல ஒத்துக்கிட்டதுக்கு அது முரணா நிற்கும்.

சட்டம் படிச்சவன்:
தீர்ப்பில எந்தப் பிரிவுன்னு பாருங்க. போதைப்பொருள் சட்டம் 27(பி) உபயோகிச்சதுக்கு: 6 மாசம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை பைன், அல்லது ரெண்டும். கையில வச்சிருந்ததுக்கு 20-ம் பிரிவு. ஒரு கிலோ வரைக்கும் சின்ன அளவு, ஒரு வருஷம் வரை சிறை. அதிகாரி கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணில்லை. சம்பவ நாள்ல தம்பிக்கு 18 முடியலைன்னா கதையே வேற: சிறார் நீதிச் சட்டம் 24-ம் பிரிவு தகுதியிழப்பை நீக்கும்.

கேஸ் இன்னும் நடக்கிறவங்க இதைப் படிச்சா, அலைச்சலுக்குப் பயந்து பைன் கட்டிட்டு ஓடாதீங்க. போதைப்பொருள் சட்டம் 27-ம் பிரிவுக்கு நன்னடத்தைக் காவல் (புரொபேஷன், அதாவது தண்டனைக்குப் பதிலா நன்னடத்தை உறுதியில விடுறது) கேட்க அதே சட்டத்தோட 33-ம் பிரிவு இடம் தருது. 1958 நன்னடத்தைச் சட்டத்தில விட்டா, அதோட 12-ம் பிரிவுப்படி தண்டனையால வர்ற தகுதியிழப்பு ஒட்டாது. 18 வயசுக்கு மேலன்னா 20-ம் பிரிவுக்கு அந்த வாசல் கிடையாது. அந்த வழியில வந்தாலும் படிவத்தில கைது, வழக்கு விவரத்தை எழுதியே ஆகணும்.