பத்தாம் வகுப்பு கணக்கு, அறிவியல் டியூசன்: அடிப்படை இல்லாத பிள்ளைகளுக்கு எங்கிருந்து தொடங்குவது?

மாடிப்படி:

வணக்கம். மாநிலப் பாடத்திட்டம், பத்தாம் வகுப்பு. மொத்தம் 8 பேர்: தமிழ்வழி 5, ஆங்கிலவழி 3. மாலை 6 முதல் 7.30 வரை, வாரம் 5 நாள். கணக்குக்கு 3 நாள், அறிவியலுக்கு 2 நாள் என்று பிரித்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வுக் கணக்கில் இருவர் 70க்கு மேல், மூவர் 40 முதல் 50, மீதி மூவர் 25ஐத் தாண்டவில்லை.

பள்ளியில் 'உறவுகளும் சார்புகளும்' ஆரம்பித்துவிட்டார்கள். பள்ளியோடு சேர்ந்து ஓடுவதா, ஆறாம் ஏழாம் வகுப்புக்குத் திரும்பிப் போவதா? பின்னால் போவதென்றால் எதுவரை? அறிவியலில் கேள்வி பதிலை ஒப்பிக்கிறார்கள், கணக்கீடு வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அதற்கும் வழி சொல்லுங்கள்.

கரும்பலகை:

இரண்டையும் செய்ய வேண்டும். ஆனால் பின்னால் போவது என்றால் ஆறாம் வகுப்புப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து நடத்துவது இல்லை. எங்கே ஓட்டை என்று பார்த்து அங்கே மட்டும் அடையுங்கள்.

முதல் நாள் 18 சின்னக் கணக்கு, 40 நிமிடம். குறை எண் கூட்டல் கழித்தல், பின்னம், தசமம், சதவீதம், ஒருபடிச் சமன்பாடு, (அ+ஆ)² விரிவாக்கம், வர்க்கமூலம், சுற்றளவும் பரப்பளவும், செ.மீ. – மீட்டர் மாற்றம், ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு. மதிப்பெண் போடாதீர்கள், பெற்றோருக்கும் காட்டாதீர்கள். உங்களுக்கு வேண்டியது தவறான விடைகள்தான். பெரும்பாலும் இவைதான் வரும்:

−3 − 5 = 8. 'மைனஸும் மைனஸும் பிளஸ்' என்ற பெருக்கல் விதியைக் கழித்தலில் போட்டிருக்கிறான். 3 ரூபாய் கடன், மேலும் 5 ரூபாய் கடன், மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள், உடனே சரியாகச் சொல்வான். பிறகு எண்கோட்டில் இரண்டு நாள். 'மைனஸ் மைனஸ் பிளஸ்' என்ற வாசகத்தை 'பெருக்கும்போது' என்ற சொல் இல்லாமல் வகுப்பில் யாரும் உச்சரிக்கக் கூடாது, நீங்கள் உட்பட.

2/3 + 1/4 = 3/7. மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுக்கும் முறையைத் திரும்பவும் சொல்வதால் இது போகாது. 2/3 பாதியைவிடப் பெரிதா? பெரிது. 3/7? பாதியைவிடச் சிறிது. கூட்டினால் எப்படிக் குறையும்? இந்த முரண்பாட்டை அவனே பார்த்த பிறகு முறையைச் சொல்லுங்கள், அப்போதுதான் ஒட்டும்.

3 எக்ஸ் = 12, எனவே எக்ஸ் = 9. இது நாம் கொடுத்த வியாதி. 'அந்தப் பக்கம் போனால் மாறிவிடும்' என்று சொல்லிச் சொல்லி, எது எப்படி மாறும் என்பதை விட்டுவிட்டோம். இரண்டு வாரத்துக்குப் 'பக்கம் மாற்று' என்ற பேச்சே வேண்டாம். 'இருபுறமும் 3 ஆல் வகுக்க' என்று ஒரு வரி எழுதித்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

(எக்ஸ் + 5)² = எக்ஸ்² + 25. எக்ஸுக்கு 10 போடச் சொல்லுங்கள். 15² = 225, அவன் வாய்பாட்டில் வருவதோ 125. விடுபட்ட 100 எங்கே என்று சதுரம் வரைந்து நான்கு துண்டாக வெட்டிக் காட்டினால், 5 எக்ஸ் வீதம் இரண்டு செவ்வகம் கண்ணில் படும்.

பெருக்கல் வாய்ப்பாட்டை விட்டுவிடாதீர்கள். 7, 8, 9 ஆம் வாய்ப்பாடு தடுமாறுகிறவனால் 'பெருக்கினால் −12, கூட்டினால் 1' என்ற இரண்டு எண்களைத் தேடவே முடியாது. காரணிப்படுத்தல் தெரியவில்லை என்று நாம் நினைப்போம். உண்மையில் அவன் மாட்டிக்கொண்டிருப்பது மூன்றாம் வகுப்பில்.

நேரப் பங்கீடு: 90 நிமிடத்தில் முதல் 15 நிமிடம் பழைய ஓட்டை, 45 நிமிடம் பள்ளிப் பாடம், கடைசி 30 நிமிடம் அவர்கள் தனியாகப் போடுவது. அந்த 30 நிமிடத்தில் நீங்கள் பலகைப் பக்கமே போகக் கூடாது. பல டியூசன்களில் ஆசிரியர் பலகையில் 12 கணக்கு போடுவார், பிள்ளைகள் 12ஐயும் அழகாகப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். நோட்டு நிறையும், வேறொன்றும் நடக்காது.

முதல் இரண்டு பாடங்கள் உங்களுக்குச் சாதகம். உறவுகளும் சார்புகளும் பெரும்பாலும் கணங்கள், அம்புக்குறிப் படம், பிரதியிடல். எண்களும் தொடர்வரிசைகளும் எண்களோடு விளையாடுவது. இவை முடிவதற்குள் பின்னமும் குறிகளும் சரியாகிவிட வேண்டும், ஏனென்றால் மூன்றாவதாக வரும் இயற்கணிதத்தில் விகிதமுறு கோவைகள் (எக்ஸ் வைத்த பின்னங்கள்) இருக்கின்றன. பின்னம் தெரியாதவன் அங்கே நின்றுவிடுவான்.

திருப்புதல்:

கரும்பலகை சார் சொன்னது 40க்கு மேல் இருப்பவர்களுக்குச் சரி. 25க்குக் கீழ் இருக்கும் மூவருக்கு ஆகஸ்ட் வரை அப்படிச் செய்யலாம். அரையாண்டு முடிந்த பிறகும் பின்னம் நடத்திக்கொண்டிருந்தால் பையன் ஃபெயில் ஆவான். வினாத்தாளைப் பாருங்கள்:

1 மதிப்பெண் 14. 2 மதிப்பெண் 14 கேள்விகளில் 10. 5 மதிப்பெண் 14 கேள்விகளில் 10. 8 மதிப்பெண் இரண்டு: 43 வடிவியல் வரைதல், 44 வரைபடம், இரண்டிலும் 'அல்லது' உண்டு. 28, 42 ஆம் கேள்விகள் கட்டாயம். தேர்ச்சிக்கு 35.

43, 44 இரண்டும் சேர்ந்து 16. இவற்றுக்கு மூளையைவிடக் கை அதிகம் வேண்டும், வாரம் ஒரு நாள் ஒதுக்கினால் எவனுக்கும் வரும். ஆனால் இங்கேயும் தவறும் இடங்கள் உண்டு.

வடிவொத்த முக்கோணத்தில் அளவுகாரணி (புதிய முக்கோணம் பழையதைப்போல எத்தனை மடங்கு என்பது) 7/3, 3/5 என்று கொடுத்தால் எந்தப் புள்ளியை எதோடு சேர்ப்பது என்று குழப்பிக்கொள்வார்கள். ஒரே விதி: அடிப்பக்கத்தின் ஒரு மூலையிலிருந்து சாய்வாக இழுத்த கதிரில், இரண்டு எண்களில் பெரியது எதுவோ அத்தனை சமவெட்டுகள். பகுதியில் (பின்னத்தின் கீழே) உள்ள எண்ணின் புள்ளியை அடிப்பக்கத்தின் மறுமூலையோடு சேர். தொகுதியில் (மேலே) உள்ள எண்ணின் புள்ளி வழியே அதற்கு இணைகோடு வரை. 7/3 என்றால் 7 வெட்டு, 3ஆம் புள்ளியை மூலையோடு சேர்த்து, 7ஆம் புள்ளி வழியே இணைகோடு. 3/5 என்றால் 5 வெட்டு, 5ஆம் புள்ளியைச் சேர்த்து, 3ஆம் புள்ளி வழியே. வரைவதற்கு முன் 'பெரிதாகுமா, சிறிதாகுமா?' என்று கேளுங்கள்.

தொடுகோடு: ஆரம் 3 செ.மீ., மையத்திலிருந்து புள்ளி 8 செ.மீ. தொலைவு என்றால் நீளம் √(64 − 9) = √55, சுமார் 7.4. அளந்து பார்த்தால் இதையொட்டி வர வேண்டும். 7 வந்தால் கவராயத்தின் திருகு தளர்ந்திருக்கிறது, அல்லது பென்சில் முனை மழுங்கியிருக்கிறது. விளையாட்டாகச் சொல்லவில்லை, வரைதலில் பாதிப் பிழை கவராயத்தில்தான்.

வரைபடம்: எக்ஸ்² + எக்ஸ் − 12 என்று எடுத்துக்கொள்வோம். −5 முதல் 4 வரை அட்டவணை போட்டால் 8, 0, −6, −10, −12, −12, −10, −6, 0, 8. இரண்டு பக்கமும் கண்ணாடி பார்த்ததுபோல ஒன்றாக இருக்கும். அப்படி இல்லையென்றால் எங்கோ தவறு, வரையத் தொடங்காதே. பெரும்பாலும் (−4)² என்பதை −16 என்று போட்டிருப்பான். புள்ளிகளை ஸ்கேல் வைத்து நேர்கோடாக இணைப்பது இன்னொரு வழக்கமான கோளாறு, கையால் வளைத்து இழுக்கச் சொல்லுங்கள். அளவுத்திட்டத்தை முதலிலேயே எழுதிவிட வேண்டும், கடைசியில் என்று வைத்தால் மறந்துவிடும்.

16 இங்கே. புத்தகத்தின் பலவுள் தெரிவு வினாக்களைக் காரணத்தோடு பழக்கினால் 14இல் 8. புள்ளியியலிலும் அளவியலிலும் நேரடியாக வாய்பாட்டில் பிரதியிடும் கணக்குகள் பிடித்துக்கொண்டால் மிச்சத்துக்கு வழி உண்டு.

குடுவை:

அறிவியல் பக்கம் வருகிறேன். 75 எழுத்துத் தேர்வு, 25 செய்முறை. பேனாவைக் கீழே வைப்பதற்குக் காரணம் பயம் மட்டும் இல்லை, முதல் வரி என்ன எழுதுவது என்று தெரியாததுதான். முதல் வரியை நிரந்தரமாக்குங்கள்: தரவு, அலகு மாற்றம், வாய்பாடு, பிரதியிடல், அலகோடு விடை. கணக்கே புரியாவிட்டாலும் முதல் மூன்றை எழுதப் பழக்குங்கள். எழுதும்போதே பாதிப் பேருக்குப் பிடிபடும்.

விடை வந்ததும் 'இது நடக்குமா?' என்ற கேள்வி. பக்க இணைப்பில் 4 ஓம், 12 ஓம். 1/4 + 1/12 = 1/3. இதோடு நிறுத்திவிட்டுத் தொகுபயன் மின்தடை 1/3 ஓம் என்று எழுதுவார்கள், தலைகீழாக்க மறந்து. இரண்டு மின்தடை பக்க இணைப்பில் இருந்தால் விடை சிறியதைவிடக் குறைவாகவும், அதன் பாதிக்குக் குறையாமலும் இருக்கும். இங்கே 2க்கும் 4க்கும் நடுவில். 3 ஓம் சரி, 1/3 வர வாய்ப்பே இல்லை.

ஒளியியலில் குறிகள்தான் வில்லன். குவிலென்ஸ், குவியத் தொலைவு 10 செ.மீ., பொருள் 15 செ.மீ. தொலைவில். பொருளின் தொலைவு −15 என்று எழுதாமல் போட்டால் 1/10 + 1/15 = 1/6, பிம்பம் 6 செ.மீ. சரியாகப் போட்டால் 1/10 − 1/15 = 1/30, பிம்பம் 30 செ.மீ. எது சரி என்று எப்படித் தெரியும்? பொருள் 10க்கும் 20க்கும் (குவியத் தொலைவுக்கும் அதன் இரு மடங்குக்கும்) நடுவில் இருக்கிறது, எனவே பிம்பம் 20க்கு அப்பால்தான் விழ வேண்டும். ஆகவே கதிர்ப்படத்தை முதலில் நடத்துங்கள், வாய்பாடு பிறகு. தலைகீழ் வரிசையில் நடத்தினால் இந்தச் சோதனை அவர்களுக்குக் கிடைக்காது. லென்ஸின் திறனுக்குக் குவியத் தொலைவு மீட்டரில் வேண்டும்: 50 செ.மீ. என்றால் 2 டையாப்டர். 0.02 என்று வந்தால் செ.மீ.யிலேயே வகுத்திருக்கிறார்கள்.

வேதியியலில் மோல் (துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு) கணக்கு. வாய்பாட்டுக்குப் போகும் முன் 'அணுவா, மூலக்கூறா?' என்று கேட்கவைக்க வேண்டும். 18 கிராம் நீர் என்பது 1 மோல் மூலக்கூறுகள், ஆனால் 3 மோல் அணுக்கள். ஆக்சிஜனுக்கு 16 போடுவதா 32 போடுவதா என்ற குழப்பமும் இதே கேள்வியில் தீரும்.

சமன்பாட்டைச் சமன்செய்யும்போது ஆக்சிஜன் குறைகிறதே என்று நீரின் வாய்பாட்டுக்குள் சின்ன 2ஐச் சேர்த்துவிடுவார்கள். தண்ணீர் போய் ஹைட்ரஜன் பெராக்சைடு வந்துவிடும். எண் முன்னால் மட்டும்தான் போடலாம், உள்ளே கை வைக்கக் கூடாது.

இருவழிப் பிள்ளைகள் ஒன்றாக இருப்பதால் பலகையில் எப்போதும் இரண்டு சொல்லும் எழுதுங்கள்: உந்தம் – மொமண்டம், முடுக்கம் – ஆக்ஸிலரேஷன், கரைபொருள் – சொல்யூட், கரைப்பான் – சால்வென்ட். பதினொன்றில் ஆங்கிலவழிக்கு மாறும் தமிழ்வழிப் பிள்ளைக்கு இது பெரிய உதவி.

சாலையோரம்:

இடையில் ஒரு விஷயம். கேட்டவர் பள்ளி ஆசிரியரா என்று சொல்லவில்லை. ஆசிரியர் என்றால் 2009 ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 28ஐப் படித்துவிடுங்கள். ஆசிரியர்கள் தனிப்பயிற்சி எடுக்கக் கூடாது என்று இருக்கிறது.

மாடிப்படி:

ஆசிரியர் வேலையில் இல்லை. அனைவருக்கும் நன்றி. இன்னும் ஒன்று: 8 பேரும் 8 இடத்தில் நிற்கிறார்கள். கடைசி 30 நிமிடம் ஒருவரிடம் உட்கார்ந்தால் மற்ற ஏழு பேர் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

கரும்பலகை:

உட்காராதீர்கள், நடந்துகொண்டே இருங்கள். ஒருவரிடம் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். தவறு எந்த வரியில் தொடங்குகிறதோ அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகருங்கள். விடையைச் சொல்லாதீர்கள், எது தவறு என்றும் சொல்லாதீர்கள். அடுத்த சுற்று வருவதற்குள் பாதிப் பேர் தாங்களே கண்டுபிடித்திருப்பார்கள். இரண்டு சுற்றிலும் நகராதவரிடம் மட்டும் உட்காருங்கள்.

ஆறு கணக்கு கொடுங்கள்: இன்று நடத்தியதில் 2, போன வாரத்தில் 2, போன மாதத்தில் 2, கலந்து. ஒரே பயிற்சியில் ஆறும் கொடுத்தால் எந்த முறை என்று யோசிக்கவே வேண்டியதில்லை, மேலே உள்ளதைப் பார்த்துக் கீழே போட்டுவிடுவார்கள். 70க்கு மேல் இருக்கும் இருவருக்கு அதே ஆறில் கடைசி இரண்டைக் கட்டாயக் கேள்வி பாணியில் மாற்றிக் கொடுங்கள். அவர்களை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைப்பது நல்லதுதான், ஆனால் தினமும் வேண்டாம். அவர்களும் படிக்கத்தான் வருகிறார்கள்.

தவறு நோட்டு ஒன்று தனியாக. வலப்பக்கம் தவறான வரி, இடப்பக்கம் ஏன் தவறு என்று ஒரே வாக்கியம், அவர்கள் சொந்த நடையில். 'கவனக்குறைவு' என்று எழுதினால் ஏற்காதீர்கள். 'கழித்தலில் பெருக்கல் விதியைப் போட்டேன்' என்று எழுத வேண்டும். அதே கணக்கை எண்ணை மட்டும் மாற்றி மூன்று நாள் கழித்து ஒருமுறை, பத்து நாள் கழித்து ஒருமுறை.

திருப்புதல்:

நோட்டு விஷயத்தில் நானும் சாரோடுதான். கூடவே 8 பேருக்கும் கவராயத்தைத் திருகி இறுக்க ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் வாங்கி வைத்துவிடுங்கள்.